அறளை பெயர்தல்: ஒரு சொல்லுள் அடங்கிய பல நோய்கள்

முதுமை யாவர்க்கும் வருவது. தலை நரைப்பதையும், பார்வை மங்குவதையும், நடை தளர்வதையும் நாம் இயல்பென்று ஏற்றுக்கொள்கின்றோம். அவற்றோடு நினைவு கெடுவதையும் சேர்த்து இயல்பென்றே எண்ணிவிடுவது நம்மவர் வழக்கம். வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், உண்ட உணவை உண்ணவில்லை என்று சாதித்தால், பெற்ற பிள்ளையின் பெயரை மாற்றி அழைத்தால், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று யாழ்ப்பாணத்தார் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். அந்தச் சொல்லிலே இரக்கம் உண்டு. சிறிது ஏளனமும் உண்டு. ஆயினும் அதனைவிடக் கவலைக்குரியது வேறொன்று. அச்சொல் ஒரு தீர்ப்பாகவும் அமைந்துவிடுகின்றது. அறளை பெயர்ந்தவர்க்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று நம்பும் குடும்பம் வைத்தியரை நாடுவதில்லை. பெரியவர் ஒரு மூலையில் ஒதுக்கப்படுகின்றார்.

உண்மை அதுவன்று. அறளை என்பது தனியொரு நோயின் பெயரன்று; பல நோய்கள் மூளையைத் தாக்கும்போது வெளியே தோன்றும் ஒரு நிலையின் பெயர். காய்ச்சல் என்னும் ஒரு சொல்லுள் மலேரியாவும் அடங்கும், நெருப்புக்காய்ச்சலும் அடங்கும், சாதாரணத் தடிமனும் அடங்கும் அல்லவா? காய்ச்சல் என்றவுடன் எவரும் கைவிட்டுவிடுவதில்லை. எந்தக் காய்ச்சல் என்று கேட்கின்றோம். அறளை என்றவுடன் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே. எந்த அறளை? இக்கேள்வியைக் கேட்கும் குடும்பத்துக்கும் கேளாத குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிரின் வேறுபாடாகவே அமைந்துவிடும்.

சரவணையும் அயலும்

இந்நோயைப் பற்றி எங்கும் பேசலாம்; ஆயினும் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியை மனத்திற் கொண்டு பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. வேலணைத் தீவிலுள்ள சரவணையை எடுத்துக்கொள்வோம். பனையும் வயலும் கிணற்றடியும் சூழ்ந்த ஊர். இவ்வூராரும், அயலிலுள்ள வேலணை, நாரந்தனை, கரம்பன், புங்குடுதீவு மக்களும் ஒரு காலத்திலே தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்து வாணிகத்தாற் பெயர் பெற்றவர்கள். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரும், 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவுப் பகுதியில் நேர்ந்த போர் நடவடிக்கைகளின் பின்னரும் இம்மக்கள் பெருமளவிற் சிதறினர். இளையோர் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து என்று சென்று வேர் ஊன்றினர். பலர் மீண்டும் ஊர் திரும்பவில்லை. திரும்பியோருள்ளும், என்றுமே பிரியாது இருந்தோருள்ளும் முதியவர்களே மிகுதி.

கூட்டுக் குடும்பத்திலே பாட்டியின் நினைவு தவறினால் அன்றைக்கே பத்துப் பேருக்குத் தெரியும். தனித்து வாழும் மூதாட்டியின் நினைவு தவறுவதை யார் அறிவார்? கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியிற் பேசும் மகனுக்கு, "நான் சுகமாய் இருக்கிறன், பிள்ளை" என்ற விடைதான் கிடைக்கும். நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்கள் இத்தகைய வழக்கமான உரையாடலை நன்றாகவே நடத்திவிடுவார்கள். அடுப்பில் வைத்த பானை கருகியதும், மருந்துப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருப்பதும் தொலைபேசியிலே தெரிவதில்லை.

நாடு முழுவதும் முதுமை அடைந்துவருகின்றது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கை மக்களுள் 7.9 சதவீதமாக இருந்தனர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 12.6 சதவீதமாயினர். இராகமைப் பகுதியிலே நடத்தப்பெற்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வருக்கு இந்நிலை இருந்ததைக் கண்டது. இந்தியாவிலே 60 வயதைக் கடந்தோருள் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 88 இலட்சம் பேர், இந்நிலையில் இருப்பதாக 2023 இல் வெளியான ஆய்வு கணித்தது. 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இவ்வாறு வாழ்ந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக்கு மாத்திரம் நேர்ந்த விதி என்று எவரும் வெட்கப்படவேண்டியதில்லை.

மறதியெல்லாம் நோயாகுமா?

ஆகாது. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது யாவர்க்கும் உண்டு. அறிந்தவர் ஒருவரின் பெயர் உடனே நாவில் வாராது, சற்று நேரங் கழித்து வருவதும் முதுமையின் இயல்பே. மூக்குக்கண்ணாடி எதற்கு என்பதையே மறப்பது நோய். நேற்றைய கலியாண வீட்டில் யார் யார் வந்தனர் என்பது நினைவில்லை என்றால் மறதி; கலியாணத்துக்குச் சென்றதே நினைவில்லை என்றால் ஆராயவேண்டும். கடை நடத்திக் கணக்கிலே பழுத்தவர் மீதிக் காசை எண்ண முடியாது தடுமாறுவதும், நாற்பது ஆண்டு சமைத்த கை கறிக்கு உப்பிட்டதை மறந்து மீண்டும் மீண்டும் இடுவதும், பிறந்து வளர்ந்த ஊர் ஒழுங்கையிலே வழி தப்புவதும் எச்சரிக்கைக் குறிகளாகும். நாளாந்தம் செய்துவந்த தொழில் கைநழுவுகின்றதா என்பதே உரைகல்.

குடும்பத்தார் விடைகூறவேண்டிய மூன்று கேள்விகள்

இந்நோய்களைப் பிரித்தறிவதற்கு வைத்தியருக்கு முதற் கருவி, உடனிருப்போர் சொல்லும் வரலாறே. மூன்று கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னால் பாதி வழி கடந்துவிடலாம். எப்போது தொடங்கியது? எவ்வாறு வளர்ந்தது? எது முதலிற் கெட்டது?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றுகின்றார். இரவில் உறங்காமல் இல்லாதவர்களோடு பேசுகின்றார். பகலில் அரைத் தூக்கத்திற் கிடக்கின்றார். சில மணி நேரத்திலோ சில நாளிலோ இவ்வாறு நேர்ந்தால் அது அறளையே அன்று. அது திடீர்ச் சித்தக் குழப்பம். சலக் கிருமித் தொற்று, நுரையீரற் சளிக்காய்ச்சல், நீர் வற்றுதல், குருதியில் உப்புச் சத்துக் குறைதல், சீனி மட்டம் தாழ்தல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்து ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். இஃது அவசர நோய். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். காரணத்தைக் கண்டு நீக்கினாற் பலர் பழைய நிலைக்குத் திரும்புவர். "வயதுதானே" என்று காத்திருந்தால் இறக்கவும் கூடும்.

மாற்றம் சில கிழமைகளில் நேர்ந்திருந்தால், பெரியவர் அண்மையில் எங்கேனும் விழுந்தாரா என்று கேட்கவேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது தலையில் பட்ட சிறு அடி அன்று ஒன்றுஞ் செய்யாது போகலாம். ஆனால் மண்டையோட்டின் உள்ளே குருதி மெல்லக் கசிந்து, சில கிழமைகளின் பின்னர் மூளையை அழுத்தும். மூளையைப் படம் பிடித்துப் பார்த்தால் அது தெரியும். சத்திரசிகிச்சையால் அதனை நீக்கலாம்.

மாதக் கணக்கில் வந்த தளர்ச்சிக்கும் மாற்றத்தக்க காரணங்கள் சில உண்டு. தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்தால் உடலும் உள்ளமும் மந்தமடையும். உயிர்ச்சத்து பி 12 குறைந்தாலும் நினைவு கெடும். மரக்கறி உணவினருக்கும், நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் இக்குறைபாடு நேர்வதுண்டு. மதுபானப் பழக்கத்தால் வரும் தயமின் குறைபாடும் அவ்வாறே. தடிமனுக்கும் அரிப்புக்கும் உறக்கத்துக்கும் வழங்கப்படும் சில மாத்திரைகளும் முதியவரின் அறிவை மயக்கும். துணையை இழந்து, பிள்ளைகளைப் பிரிந்து வாழ்பவரின் மனச்சோர்வும் மறதிபோலவே தோன்றும். அத்தகையவர் எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரியாது" என்று முகந் திருப்பிக்கொள்வார். மறதி நோயாளரோ பெரும்பாலும் தவறான விடையையாவது சொல்லிச் சமாளிக்க முயல்வார். காது கேளாமையால் மறுமொழி பிழைப்பதையும் அறளை என்று எண்ணிவிடுகின்றோம். இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. ஒரு குருதிப் பரிசோதனையாலே தெளியக்கூடியதை ஒரு சொல்லால் மூடிவிடுவது எத்துணைப் பெரிய இழப்பு!

நால்வகை நோய்கள்

மேற்கூறியவை எவையுமில்லை, ஆண்டுக் கணக்கில் அறிவு தளர்ந்து வருகின்றது என்றால், இரண்டாம் மூன்றாம் கேள்விகள் நமக்கு வழி காட்டும்.

முதலாவது, அல்சைமர் நோய். 1901 ஆம் ஆண்டில் செருமனியின் பிராங்போட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு 51 வயதான அவுகுஸ்தே தேத்தர் என்னும் பெண் கொண்டுவரப்பட்டார். அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் அவரைக் கூர்ந்து கவனித்துக் குறிப்பெழுதினார். அப்பெண் 1906 இல் இறந்தபின் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அதிலே படிவுகளும் முறுக்கிய நார்களும் இருப்பதைக் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் ரூபிங்கன் நகரில் வைத்தியர் கூட்டத்தில் அறிவித்தார். 1910 இல் கிறெப்பெலின் என்னும் பேராசிரியர் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்டார். மறதி நோய்களுள் 60 முதல் 70 சதவீதம்வரை இவ்வகையே. இது சரிவான நிலத்தில் நீர் இறங்குவதுபோல மெல்ல மெல்ல வளரும். முதலிற் கெடுவது அண்மைய நினைவு. காலையில் வந்து போனவரைத் தெரியாது. ஐம்பது ஆண்டுக்கு முன் சென்ற திருவிழாவை விவரமாகச் சொல்வார். பின்னர்ச் சொற்கள் தட்டுப்படும், வழி தவறும், ஈற்றில் உடுத்தலும் உண்ணலும் பிறர் கையில் ஆகும்.

இரண்டாவது, குருதிக் குழாய்களின் கேட்டால் வருவது. இது படியிறங்குவதுபோல வளரும். ஒரு பாரிசவாதத்தின் பின் திடீரென ஒரு தாழ்வு. சில மாதம் அதே நிலை. மீண்டும் ஒரு தாழ்வு. நினைவைவிடச் சிந்தனையின் வேகமும் திட்டமிடும் ஆற்றலும் முன்னே குன்றும். நடை தடுமாறும், எளிதிற் கண்ணீர் வரும். நீரிழிவும் குருதி அமுக்கமும் மலிந்த நம் சமூகத்திலே இவ்வகை கவனத்துக்குரியது. குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டுப்படுத்தி, புகைத்தலை நிறுத்தினால் அடுத்த படி இறங்குவதைத் தடுக்க இயலும். அல்சைமர் நோயும் இதுவும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

மூன்றாவது, லூயி நுண்பொருள் நோய். 1912 இல் பிரெடெரிக் லூயி என்ற அறிஞர் மூளைக் கலங்களிற் கண்ட உருண்டைகளின் பெயரால் இது வழங்குகின்றது. இது ஏறி இறங்கும் இயல்புடையது. காலையில் தெளிவு, மாலையிற் குழப்பம். இல்லாத உருவங்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். "முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகின்றனர்" என்பார். உறக்கத்திலே கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவார். பார்க்கின்சன் நோயாளர்போல உடல் விறைத்து நடை சுருங்கும். நம்மவர் இதனைப் பேய்க் குற்றம் என்று மயங்குதல் எளிது. இதிலே ஓர் ஆபத்தை யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். உருவங்களைக் காண்கின்றார் என்று சொல்லி ஹலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்துகளைக் கொடுத்தால், இந்நோயாளர் உடல் முற்றாக விறைத்து, உயிருக்கே இடர் நேரலாம். வகையை அறியாமற் செய்யும் வைத்தியம் தீங்காகவும் முடியும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

நான்காவது, மூளையின் முன்புறத்தையும் பக்கப்புறத்தையும் தாக்குவது. 1892 இல் பிராக் நகரத்து ஆர்னோல்ட் பிக் என்ற வைத்தியர் இதனை முதலில் விவரித்தார். இது பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தோன்றும். நினைவு தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும், குணம் மாறும். அடக்கமுள்ளவர் சபையிலே தகாத சொல் பேசுவார். சிக்கனமானவர் பணத்தை வாரி இறைப்பார். அன்புடையவர் மனைவி நோயுற்றாலும் திரும்பிப் பாரார். சிலருக்குப் பேச்சே முதலில் மறையும். அமெரிக்க நடிகர் புரூஸ் வில்லிசுக்கு இந்நோய் இருப்பதாக அவர் குடும்பத்தார் 2023 இல் அறிவித்தனர். இந்நோயாளரைக் குடும்பம் ஒழுக்கங் கெட்டவர் என்று பழிக்கும். அவர் செய்வது குற்றமன்று, நோய்.

எங்கே செல்வது?

சரவணையார்க்கு வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் அரசினர் வைத்தியசாலைகள் உண்டு. குருதி அமுக்கம், சீனி, மருந்துகள் ஆகியவற்றை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மேற்கொண்டு ஆராயவேண்டியிருப்பின் பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்லலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவு உண்டு. நயினாதீவாரும் நெடுந்தீவாரும் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, வாணர் தாம்போதியைக் கடந்து, அதன் பின்னரே பண்ணைக்கு வரவேண்டியவர்கள். ஆதலால் ஒரே பயணத்திற் காரியம் முடியும்படி ஆயத்தஞ் செய்துகொள்வது நன்று. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்லுங்கள். மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரியவரை அன்றாடம் காண்பவர் எவரோ அவரே உடன் செல்லவேண்டும். மனநலம் பற்றிய ஆலோசனைக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். கொழும்பிலே இலங்கை அல்சைமர் மன்றம் இந்நோயாளருக்கும் குடும்பங்களுக்கும் உதவி வருகின்றது.

பள்ளிக்கு அதிகஞ் செல்லாத மூதாட்டியிடம் மணிக்கூட்டின் படம் வரையச் சொல்லி, வரையாததால் நோய் என்று முடிவு செய்தல் பொருந்தாது. எழுதுகோலைப் பிடித்துப் பழகாத கையின் குறை அது. ஆங்கிலத் தேதியை அறியாதவர் ஆடி அமாவாசையை அறிவார். ஏழை நாடுகளின் முதியவர்களை அவர்தம் கல்வியால் எடை போடாத சோதனைகளை வகுக்கப் பத்து அறுபத்தாறு என்னும் பெயரால் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு உழைத்தது. மறதி நோயாளருள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 66 சதவீதத்தினர், வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் 10 சதவீதமும் அந்நாடுகளைப் பற்றியதன்று என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அவ்வாய்விற் பங்கு கொண்டன.

மருந்துகளைப் பற்றி மிகை நம்பிக்கையும் வேண்டாம், அவநம்பிக்கையும் வேண்டாம். டொனெபெசில், றிவாஸ்ரிக்மின், மெமன்ரின் போன்றவை சிலருக்குச் சில காலம் தெளிவைத் தரும், நோயை வேரறுப்பதில்லை. அமெரிக்காவில் 2023 இலும் 2024 இலும் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப், டொனனெமாப் என்னும் புதிய ஊசிமருந்துகள் அல்சைமர் நோயின் தொடக்க நிலையினர்க்கே உரியவை. அவை நோயின் வேகத்தைச் சிறிது தணிக்கின்றன. மூளையில் வீக்கமும் குருதிக் கசிவும் நேரக்கூடுமாதலால் அடிக்கடி படம் பிடித்துப் பார்க்கவேண்டும். ஆகவே பேணுதலே இன்றும் பெருமருந்து.

பேணும் முறை

நோயாளரோடு வாதிடுதல் பயன் தராது. இறந்துபோன கணவரைத் தேடி, "அவர் எங்கை?" என்று கேட்கும் ஆச்சிக்கு, "அவர் செத்துப் பன்னிரண்டு வருசம்" என்று சொன்னால், அவருக்கு அது அன்றைக்கே கேட்ட இழவுச் செய்தி. நாளை மீண்டும் கேட்பார், மீண்டும் அழுவார். "அவரை நினைச்சுக்கொண்டிருக்கிறியளோ ஆச்சி? அவரைப்பற்றிச் சொல்லுங்கோ" என்றால் பொய்யும் இல்லை, புண்ணும் இல்லை. கோயிற் கொடியேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர், "நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று சோதிப்பது வழக்கம். அன்பினால் கேட்கும் கேள்விதான். ஆயினும் முதியவர் சபையில் தலைகுனிய நேர்கின்றது. "ஆச்சி, நான் உங்கடை மூத்த மகளின்ரை மகன் வந்திருக்கிறன்" என்று தாமே சொல்லிக் கையைப் பற்றிக்கொள்வதே அழகு.

காசுப்பையை ஒளித்து வைத்துவிட்டு மருமகள் திருடினாள் என்பார்கள். பழியை மனத்திற் கொள்ளாமற் சேர்ந்து தேடுதல் வேண்டும். மாலையிற் குழப்பம் மிகும் என்பதால் பொழுது சாயுமுன்னரே விளக்கேற்றிவிடுங்கள். உணவு, நீராட்டு, உறக்கம் யாவும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒரு முறையில் ஒரு வேலையை மாத்திரம், சிறு சொற்களில், முகம் பார்த்துச் சொல்லுங்கள். அரிசியிற் கல் பொறுக்குதல், பூக் கட்டுதல் முதலிய பழகிய வேலைகளைப் பறித்துவிடாதீர்கள். தேவாரமும் செபமாலையும் பிற நினைவுகள் போனபின்னும் பலரிடத்தே நெடுநாள் நிலைக்கும்.

தீவுப் பகுதிக்கு உரிய ஆபத்துக்களும் உண்டு. கட்டில்லாத கிணறு, கடற்கரை, ஆளொழிந்த வளவுகள், பனங்கூடல்கள் ஆகியவை வழி தப்பியவர்க்குப் பொறிகள். கிணற்றுக்கு மூடியிடுங்கள். படலைக்குக் கண்ணிற் படாத இடத்திற் கொளுவி வையுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டை உடையிலே தைத்துவிடுங்கள். அயலவர், கடைக்காரர், முச்சக்கரவண்டிச் சாரதி, பேருந்து நடத்துநர், கிராம அலுவலர் ஆகியோருக்கு உண்மையைச் சொல்லி வையுங்கள். நோயை மறைத்தால் ஊர் உதவ முடியாது. எக்காரணம் கொண்டும் கட்டி வைத்தல் கூடாது. பேச இயலாதவர் அலறினால் அதற்குப் பல்வலியோ மலச்சிக்கலோ தாகமோ காரணமாக இருக்கும், அதனைத் தேடவேண்டும்.

காணி உறுதி, வங்கிக் கணக்கு முதலியவற்றை நோயின் தொடக்கத்திலேயே, முதியவர் தெளிவாக விருப்பஞ் சொல்லக்கூடிய காலத்திலேயே, சட்டத்தரணியைக் கொண்டு ஒழுங்கு செய்தல் வேண்டும். அறிவு மங்கியபின் கையைப் பிடித்து ஒப்பம் வாங்குவது பெருந் தீமை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் புறக்கணியாதிருத்தலைப் பிள்ளைகளின் கடமையாக்கியுள்ளது.

பேணுவோரை யார் பேணுவார்?

பெரும்பாலான வீடுகளிலே இப்பாரம் ஒரு பெண்ணின் தோளில் விழுகின்றது. இரவில் உறக்கமில்லை, பகலில் ஓய்வில்லை, பழிச்சொல் வேறு. வெளிநாட்டிலுள்ள உடன்பிறந்தார் பணம் அனுப்புகின்றனர், அது நன்றே. ஆனால் அவள் வேண்டுவது கிழமைக்கு ஒரு நாள் விடுதலை. அனுப்பும் பணத்திலே அந்த ஒரு நாளுக்கு ஓர் உதவியாளை அமர்த்துங்கள். விடுமுறையில் வரும்போது விருந்தினராக வாராமற் பணிவிடையாளராக வாருங்கள். தொலைபேசியிலே "சுகமோ?" என்று கேட்பதோடு நில்லாது, "இன்றைக்கு என்ன கறி? ஆர் வந்து போனது?" என்று கேளுங்கள். விடை தடுமாறினால் அயலவரைக் கொண்டு அடுக்களையையும் மருந்துப் பெட்டியையும் பார்க்கச் செய்யுங்கள்.

முதியவரை வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்ள எண்ணுவோரும் ஒன்றை ஆலோசிக்கவேண்டும். பழகிய கிணற்றடியும் படலையும் நோயாளருக்கு நினைவின் ஊன்றுகோல்கள். இடம் மாறினால் குழப்பம் மிகுதல் உண்டு. பின்னாளிற் கற்ற ஆங்கிலமோ பிரெஞ்சோ முன்னே மறைந்து தாய்மொழி மாத்திரம் எஞ்சுவதும் உண்டு. அந்நிலையில் தமிழறியாத தாதியர் நடுவே அவர் மேலும் தனிமையுறுவார். தாத்தா பாட்டியின் மொழியைப் பேரப்பிள்ளைகள் அறிந்திருத்தல் அன்று எத்துணை உதவி!

இளையோர் இதனை வாசித்துத் தமக்கு இன்னும் காலம் இருக்கின்றதென்று கருதவேண்டாம். லான்செற் என்னும் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, காப்பிற்குரிய 14 காரணங்களை 2024 இல் வரிசைப்படுத்தியது. கல்விக் குறைவு, செவிக் குறை, பார்வைக் குறை, தலைக்காயம், குருதி அமுக்கம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகைத்தல், மிகுகுடி, மனச்சோர்வு, தனிமை, மாசுற்ற காற்று என்பன அவை. இவற்றை நீக்கினால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தாமதிக்கவோ கூடும் என்பது அவர்தம் கணிப்பு. தலைக்கவசம் அணிவதும், பள்ளிப் படிப்பை இடையில் விடாதிருப்பதும் அறுபது ஆண்டுக்குப் பின் வரும் நோய்க்கு இன்றே இடும் அணை. பெரியவருக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுப்பதும், தனித்திருப்பவரோடு மாலையில் அரைமணி நேரம் திண்ணையில் இருந்து கதைப்பதும் அவ்வாறே.

அறளை என்னும் சொல் நம் வழக்கிலிருந்து மறையவேண்டும் என்று நாம் கூறவில்லை. அச்சொல்லோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது என்பதே நமது வேண்டுகோள். "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று அடுத்த முறை எவரேனும் சொல்லக் கேட்டால், "எப்போது தொடங்கியது?" என்று வினவுவோமாக. அந்த ஒரு வினா ஒரு முதியவரை வைத்தியரிடங் கொண்டு சேர்க்கும். குணமாக்கத்தக்க நோயாயின் அவர் மீள்வார். அல்லாத நோயாயினும், தம்மை மறந்த அவரை நாம் மறவாது பேணுவதற்கு அது வழி செய்யும்.